கொற்றி சோறு போட்ட வருஷம்

கடல் இப்போது நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் கிழக்கே நின்றுகொண்டிருந்த காலத்தில், சங்கந்துறை என்கிற ஊருக்கு ஒரு வருஷம் நடந்தே வந்து சேர்ந்தது. அதற்கு முன்னால் வந்த வருஷங்கள் எல்லாம் எல்லா ஊருக்கும் வருகிற மாதிரி, துறைவாசலில் நின்ற புன்னை மரத்தில் முதல் பூ விரிகிற காலையில் ஓசைப்படாமல் வந்து, மறுபடி முதல் பூ விரிகிற காலையில் ஓசைப்படாமல் போய்விடும். இந்த வருஷம் மட்டும், கட்டுமஸ்தான ஒரு நடுவயது மனிதராக, தோளில் துண்டும் கையில் கோலுமாக உப்பளத்து வரப்பு வழியே வந்து, புன்னை நிழலில் நின்று, குடிக்கத் தண்ணீர் கேட்டது. தண்ணீர் கொடுத்த மீன்காரி அவர் முகத்தைப் பார்த்தாள். "வருசம் வந்திருக்காவ" என்று பக்கத்தில் நின்றவளிடம் சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எப்படித் தெரிந்தது என்று அவளை யாரும் கேட்கவில்லை. மழையைப் பார்த்து மழை என்று சொல்வதற்கு யாரும் சாட்சி கேட்பதில்லை. அந்தக் காலத்தில் அவர்கள் இப்படியா பேசினார்கள் என்றும் நீங்கள் கேட்க வேண்டாம். இன்றைக்கு அந்தக் கரையில் எப்படிப் பேசுகிறார்களோ அப்படியே பேசினார்கள் என்று வைத்துக்கொள்வோம், கதைக்கு அது போதும்.

விருந்தாளி வந்தால் ஊரில் முதலில் என்ன பேச்சு எழுமோ அதுதான் எழுந்தது: யார் வீட்டில் சாப்பாடு? வணிகர்கள் கைகாட்டினார்கள், பரதவர்கள் கைகாட்டினார்கள், எல்லாக் கையும் கடைசியில் கொற்றியின் வாசலைக் காட்டி நின்றன. கொற்றி காற்றுக்காகக் காத்துக் கிடக்கிற மாலுமிகளுக்குச் சோறு ஆக்கிப் போடுகிறவள். யவனன், சீனன், எகிப்துக்காரன் என்று எவன் கரையேறினாலும் அவள் வைத்த மீன்குழம்பைத் தின்றுவிட்டுத்தான் தன் ஊரைத் திட்ட ஆரம்பிப்பான். ஆகவே வருஷத்துக்கும் அவளே இலை போட்டாள். அவர் என்ன வைத்தாலும் சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை, நன்றாக இல்லை என்றும் சொல்லவில்லை, அப்படிப்பட்ட விருந்தாளியைச் சமைக்கிறவளுக்குப் பிடிக்காது, கொற்றிக்கும் முதலில் பிடிக்கவில்லை.

அதே காலையில்தான் அவள் கணவன் உதிரன் கப்பலேறினான். கிழக்கே, கற்பூரம் விளைகிற தீவுகளுக்கு. புன்னை பூத்த கையோடு காற்று கிழக்கே திரும்பும், கப்பல்களும் கிளம்பும், அதுதான் அந்தக் கரையின் வழக்கம். இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒருவன் எந்த வருஷத்தில் கடலேறினானோ, அந்த வருஷம் ஊரைவிட்டுப் போவதற்குள் திரும்பி வந்துவிட வேண்டும். வராவிட்டால் அவன் செத்தவன். அவன் பெயருக்குக் கரையில் ஒரு கல் நடுவார்கள். அவன் மனைவியின் சங்கு வளையல்களைத் துறைவாசலில் வைத்து உடைப்பார்கள், தலையை மழிப்பார்கள், அன்றிலிருந்து அவளுக்குப் பருக்கைக் கல்லே படுக்கை, வேளைக்கீரையே சாப்பாடு.

கொற்றிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவள் மாமியார் நாகி அப்படித்தான் அந்த வீட்டின் பின்கட்டில் வாழ்ந்துகொண்டிருந்தாள். உதிரன் பால்குடி மறக்காத வயதில் அவன் தகப்பன் கடலோடு போனான். அன்று மழித்த தலை இன்றுவரை மழித்ததுதான். ஒவ்வொரு காலையிலும் நாகி கல் படுக்கையிலிருந்து எழுந்து வரும்போது அவள் முதுகிலும் தோளிலும் கற்கள் பதிந்த குழிகளைக் கொற்றி பார்ப்பாள், பார்க்காத மாதிரி அடுப்பைப் பற்ற வைப்பாள்.

வருஷத்தைப் பற்றி ஊர் சீக்கிரமே ஒன்றைத் தெரிந்துகொண்டது. அவர் இங்கே மட்டும் இருக்கவில்லை. கொற்றியின் கூடத்தில் மோர் குடித்துக்கொண்டிருக்கிற அதே நேரத்தில் அவர் ரோமாபுரியின் வீதியிலும், நைல் நதியின் கரையிலும், சீனத்து மலைச்சுவரிலும், நடுக்கடலிலும் இருந்துகொண்டிருந்தார். வருஷம் என்றால் அப்படித்தானே இருக்க முடியும். சங்கு அறுக்கிற ஒருவன் விளையாட்டாக, சேரநாட்டில் இருக்கிற என் அண்ணன் என்ன செய்கிறான் என்று கேட்டான். "நேற்று இறந்தார்" என்றார் வருஷம், "அதற்கு முன் கொஞ்சம் கஞ்சி கேட்டார்." ஒரு யவன மாலுமி தன் தாயைப் பற்றிக் கேட்டான். அவள் நன்றாக இருக்கிறாள், அவன் பெயரை நாய்க்கு வைத்திருக்கிறாள் என்றார். கேட்டதற்கு மட்டும் பதில், கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை, ஆறுதலுக்கு ஒரு சொல்லும் இல்லை. அப்படி நாலைந்து பதில் வந்ததும் ஊர் வாயை மூடிக்கொண்டது. வருஷத்தைப் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்பார்கள், மழை வருமா என்றுகூடக் கேட்க மாட்டார்கள்.

உதிரனைப் பற்றி அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது கொற்றிக்கும் தெரியும், நாகிக்கும் தெரியும்.

"நீ கேளுளா. உன் கையால சோறு திங்காவ, உன்கிட்ட நல்லபடியா சொல்லுவாவ" என்பாள் நாகி.

"நீங்க பெத்தவிய. நீங்க கேளுங்க அத்த" என்பாள் கொற்றி.

இரண்டு பேரும் கேட்கவில்லை. மழைக்காலம் வந்து போயிற்று, பனி வந்து போயிற்று, முத்துக் குளிக்கிற பருவம் வந்து போயிற்று, கிழக்கே போன கப்பல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின, உதிரனின் கப்பல் திரும்பவில்லை. வருஷத்தின் தலை நரைத்தது. ஒருநாள் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டு அவராகவே பேசினார்.

"நாலைந்து பேராவது ஒரு தடவை என்னிடம் எதையாவது கேட்டார்கள். தினமும் சோறு போடுகிற நீ கேட்கவில்லை."

"கேட்டா நீங்க சொல்லிருவியளே" என்றாள் கொற்றி. சொல்லிவிட்டு, அவர் போதும் என்று கை காட்டியும் இன்னொரு அகப்பைச் சோறு வைத்தாள்.

புன்னை மறுபடி பூத்தது. துறைத்தலைவர் பெருஞ்சாத்தன் மேளத்தோடும் இளநீரோடும் வருஷத்தை வழியனுப்ப வந்தார். ஊருக்கு ஒரு வருஷம் நேரில் வந்து இருந்துவிட்டுப் போவது கௌரவமான காரியம் என்று அவர் நினைத்ததால் மாலையும் கொண்டுவந்திருந்தார். பின்னால் பெண்கள் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி வளையல் உடைக்கிற கல்லை முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தாள். வருஷம் கோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். துறைவாசலைத் தாண்ட இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது. அப்போது கொற்றி போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க கூட்டிட்டுப் போறிய? இவியளுக்கு எகிப்துக்காரவ சேரியில இன்னும் நாள் முடியலையே!"

மேளம் நின்றது. அவள் சொன்னது உண்மைதான். சோறு போட்டுப் போட்டு எவனுக்கு எப்போது வருஷம் பிறக்கிறது என்பது அவளுக்கு மனப்பாடம். ஒவ்வொருவனும் தன் வருஷப் பிறப்பன்றைக்கு ஏதாவது ஒரு பலகாரம் கேட்டு உயிரை எடுப்பான். எகிப்துக்காரர்களுக்கு வருஷம் முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. பெருஞ்சாத்தன் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அந்தச் சேரி ஊருக்கு உள்ளதான இருக்கு?"

"உள்ளதான்" என்றார்கள் எல்லோரும்.

"அப்ப வருசம் இன்னும் ஊரைவிட்டுப் போகல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, வாங்கிய மாலை வீணாகக் கூடாதென்று புன்னை மரத்துக்கே போட்டார். கல்லை மறைத்து வைத்திருந்த பெண் வீட்டுக்குப் போனாள். புன்னை பூத்துக் கொட்டியது, ஆனால் புது வருஷம் வரவில்லை. ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுக்க முடியாது என்று ஊர் அதைப் புரிந்துகொண்டு வேலையைப் பார்த்தது. கிணறு தூர் வாருவதை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்திருந்த பெருஞ்சாத்தனுக்கு இதில் உள்ளூரச் சந்தோஷம்கூட. சந்தோஷமில்லாதவள் வெண்ணி. உதிரனின் அக்காள் மகள், தாயில்லாதவள், கொற்றி வீட்டிலேயே வளர்ந்தவள். கொற்றியைத் தாய்மாமன் மனைவி என்று முறை வைத்து அத்தை என்று கூப்பிடாமல், அக்கா என்றே கூப்பிட்டுப் பழகியவள். பக்கத்து ஊர்த் தச்சன் ஒருவனுக்கு அவளை அடுத்த வருஷம் கொடுப்பதாக வாக்கு. அடுத்த வருஷம்தான் வரக் காணோம்.

எகிப்துக்காரர்கள் வருஷங்களைத் தங்கள் ராணியின் பெயரால் எண்ணுகிறவர்கள். ஆகவே அவர் ராணி வீட்டு ஆள் என்று, தாமரை எண்ணெய் தடவி, பெண்கள் பக்கத்தில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். அவரும் கூச்சப்படாமல் உட்கார்ந்தார். கொற்றி அங்கேயே சோறு கொண்டுபோனாள். அவர்களுடைய கணக்கில் கடைசி மாதம் முடிந்த பிறகு எந்த மாதத்திலும் சேராத ஐந்து நாட்கள் உண்டு. அந்த நாட்களில் வருஷம் சாப்பிடவில்லை, பேசவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்கிற மாதிரி திரும்பிப் பார்த்தார். அது முடிந்த காலையில் கொற்றி தயாராக வாசலில் நின்றாள். அவர் கோலை எடுப்பதற்குள் கையைப் பிடித்து, பின்வாசல் வழியாகவே யவனர் சேரிக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

யவனர்கள் ரோமாபுரியில் அந்த வருஷம் பதவியில் இருக்கிற இரண்டு பெரிய மனிதர்களின் பெயரால் வருஷத்தைச் சொல்கிறவர்கள். ஆகவே அவரை இரண்டு பேராகவே நடத்தினார்கள். இரண்டு தட்டு, இரண்டு கிண்ணம், இரண்டு வணக்கம். அவர் மரியாதைக்காக இரண்டு தட்டையும் காலி செய்தார். அங்கேயும் கொஞ்ச நாளில் முடிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பருவத்தின் முதல் யவனக் கப்பல் ஒரு செய்தியோடு வந்தது. ரோமாபுரியில் கணக்குத் தப்பிப்போய், அறுவடைத் திருவிழா பயிர் முளைக்கிறதற்கு முன்னாலேயே வந்து நிற்கிறதாம். அதைச் சரிக்கட்ட அவர்களை ஆளுகிறவர் இந்த வருஷத்தை மாதக்கணக்கில் நீட்டிவிட்டாராம். செய்தி கேட்டுக் கொற்றி யவனர் குலதெய்வத்துக்கு ஒரு கோழி அறுத்தாள். அந்தத் தெய்வத்தின் பெயர் அவளுக்குச் சரியாகத் தெரியாது.

வருஷம் நீள ஆரம்பித்தார். முதலில் கால் கட்டிலுக்கு வெளியே வந்தது. யவனத் தச்சன் ஒரு பலகை சேர்த்தான். பிறகு முழங்கால் வரை வெளியே வந்தது. இன்னொரு பலகை. கைகள் நீண்டு தரையைத் தொட்டன. எலும்பு இழுபடுகிற சத்தம் பகலிலேயே கேட்டது. பக்கத்துக் கடைக்காரர் கயிறு முறுக்குகிறார்கள் என்று நினைத்து வந்து பார்த்துவிட்டுப் போனார். வருஷம் முனகவில்லை. கொற்றி நல்லெண்ணெயைச் சூடாக்கி அவர் முழங்காலில் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க, இது தன் வேலைதான் என்று அவளுக்குத் தோன்றியது. நீட்டியது ரோமாபுரிக்காரனாக இருக்கலாம், ஆனால் பிடித்து வைத்திருப்பது யார்? அந்த நினைப்பை அவள் எண்ணெயோடு சேர்த்துத் துடைத்துப் போட்டாள். சங்கந்துறைக் கடலைப் பார்த்தாள். கிழக்கிலிருந்து ஒரு பாயும் வரவில்லை.

நீட்டிய வருஷமும் ஒருநாள் யவனர்களுக்கு முடிந்தது. கொற்றி அவரைப் பட்டு விற்கிற சீனர் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். அந்தச் சீனர் மரியாதைக்காரர், தங்கள் அரசர் ஒரு புது ஆண்டுத்தொடருக்குப் பெயர் சூட்டியிருப்பதாகவும், அதில் இது மூன்றாவது என்றும் விளக்கினார். மூன்று வயதுக் குழந்தை என்று தேனும் அரிசிமாவும் பிசைந்து ஊட்டினார். அவ்வளவு நீளமான, நரைத்துப்போன மனிதர் வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டதைப் பார்க்கச் சேரிக் குழந்தைகள் எல்லாம் கூடினார்கள். சிரிக்காமல் நின்றது கொற்றி மட்டும்தான். வயது குறைந்து குழந்தையானவருக்கு நோவும் குறைந்திருக்க வேண்டும், அவருக்குக் குறையவில்லை, சொல்லத்தான் தெரியாமல் போயிற்று.

அதற்குள் தச்சன் வீட்டார் ஆள் அனுப்பிவிட்டார்கள். வருஷம் முடியாத ஊரில் எத்தனை காலம் பெண்ணுக்குக் காத்திருப்பது, மாப்பிள்ளைக்கு வேறு இடம் பார்க்கப் போகிறோம் என்று. வெண்ணி அதைக் கொற்றியிடம் சொல்லவில்லை. நாகிதான் சொன்னாள்.

"அந்தப் புள்ள ஒரு வார்த்த பேசமாட்டா. அதான் எனக்குப் பொறுக்கல" என்றாள் நாகி. பிறகு கீரையை ஆய்ந்துகொண்டே, "ஆனா நீ விடாத. நான் படுக்கிற கல்லுல நீயும் படுக்க வேண்டாம்" என்றாள்.

கடைசியாக ஊரில் மிச்சமிருந்தது ஒரு பாபிலோன்காரர். பேரீச்சம்பழம் விற்கிற கிழவர், உடைந்த தமிழ் பேசுகிறவர். அவர்கள் ஊரில் ஒரு பழைய அரசனிலிருந்து தொடங்கி இடையில் அறுக்காமல் எண்ணிக்கொண்டே வருகிறார்களாம். அதன்படி வருஷத்துக்கு வயது இருநூற்று அறுபத்தாறு. "பெரியவர், மெதுவா, மெதுவா" என்று அவர் தன் தோளைக் கொடுத்து வருஷத்தை உள்ளே கூட்டிப் போனார். அந்த வீட்டு வாசலைத் தாண்டியதும் வருஷத்துக்கு அந்த வயது முழுவதும் வந்துவிட்டது. கண் மங்கியது, தாடை தொங்கியது, படுத்தவர் எழவில்லை. கொற்றி கஞ்சி கொண்டுபோனாள். கஞ்சியும் இறங்கவில்லை.

வசந்தத்தின் பிறை தெரிகிற மாலை வந்தது. அன்று பிறை கண்டால் பாபிலோன்காரர்களுக்கும் வருஷம் முடிந்தது. கிழவர் கொற்றியைத் தனியாக அழைத்தார்.

"மகளே, எங்க ஊர்ல சில வருஷம் ஒரு மாசம் கூடச் சேர்ப்பாங்க. ராஜாவோட பண்டிதர் சேர்ப்பாங்க. சேர்த்தாங்களா, சேர்க்கலையா, இங்க தெரியாது. தகவல் வர மாசக்கணக்கு. நான் சேர்த்தாச்சு சொன்னா, சேர்த்தாச்சு. யார் இல்லைன்னு சொல்வாங்க?"

கொற்றி வருஷத்தைப் பார்த்தாள். அவர் காது கேட்டுக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. இரு என்றால் இருந்திருப்பார், வருஷங்களுக்குப் போகத்தான் தெரியும், மறுக்கத் தெரியாது. கடைவாயில் ஒழுகிய கஞ்சியைத் துடைக்கக் குனிந்தபோது, அவருடைய கை, இரண்டு ஆள் நீளத்துக்கு நீண்டுபோன அந்தக் கை, அவள் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். குழந்தையாக இருந்த வீட்டில் பழகிய பழக்கம். கொற்றிக்கு வெட்கமாக இருந்தது. ஒரு கிழவனைக் கட்டிப்போட்டு, ஒரு சின்னப் பெண்ணைக் காக்க வைத்து, தன் தலைமுடிக்காக இத்தனையும் செய்துவிட்டோமே என்று உடம்பெல்லாம் கூசியது.

"சேக்க வேண்டாம் ஐயா" என்றாள். "போகட்டும். நானே கொண்டுபோய் விடுதேன்."

ஒரு பக்கம் கொற்றியும் மறுபக்கம் வெண்ணியுமாகத் தாங்கிக்கொண்டு வருஷத்தைத் தெரு வழியே நடத்திப் போனார்கள். மேற்கே பிறை கீற்றாகத் தெரிந்தது. இந்தமுறை மேளம் இல்லை. எகிப்துக்காரிகள் வாசலில் நின்று எண்ணெய் தெளித்தார்கள், யவனர்கள் இரண்டு முறை வணங்கினார்கள், சீனர் ஒரு தேன் உருண்டையை அவர் துண்டில் முடிந்துவிட்டார். ஊர்ப் பெண்கள் துறைவாசலிலேயே நின்றுகொண்டார்கள். கல்லும் கத்தியும் இப்போது மறைக்கப்படாமல் வெளியே இருந்தன. நாகி அவர்களிடமிருந்து விலகி, கைம்பெண் நிற்க வேண்டிய இடத்தில் நின்றாள்.

உப்பளத்து வரப்பில் கொற்றி வெண்ணியை நிற்கச் சொல்லிவிட்டு, அவரைத் தான் மட்டும் தாங்கிக்கொண்டு எல்லைவரை போனாள். அங்கே அவர் இலேசாகிவிட்டார், தனியாக நிற்க முடிந்தது. ஒரு கால் ஏற்கெனவே அந்தப் பக்கம் இருந்தது.

"ஐயா" என்றாள். "அவிய இருக்காவளா?"

"இருக்கிறார்."

கொற்றி அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ காலமாக நெஞ்சில் அடைத்திருந்தது ஒரே சொல்லில் இறங்கிவிட்டது. அந்தச் சொல்லோடு அவள் எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் கேட்கத் தொடங்கியவளால் நிறுத்த முடியவில்லை.

"எங்க இருக்காவ?"

"கிழக்கே, ஒரு பெரிய ஆறு கடலில் சேருகிற ஊரில். மூங்கில் கால்கள் மேல் நிற்கிற ஒரு வீட்டில்."

"கப்பல் ஒடைஞ்சிருச்சா? ஒடம்புக்கு என்ன?"

"கப்பல் உடையவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை."

"பின்ன ஏன் வரல?"

எதைக் கேட்டாலும் உடனே சொல்கிற வருஷம் அப்போது மட்டும் கொஞ்சம் நின்றார்.

"அந்த வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்கு இது பிரசவ மாதம்."

வரப்பின் இரண்டு பக்கமும் பாத்திகளில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. கொற்றி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப இருந்து அங்க இருக்காவ?"

"போன மழைக்காலத்துக்கு முந்தின மழையிலிருந்து."

வருஷம் கறுத்த தலையோடு அவள் கூடத்தில் மோர் குடித்துக்கொண்டிருந்த காலம் அது. புன்னை மறுபடி பூப்பதற்கு முன்னால். எகிப்துக்காரர்கள், யவனர்கள், நீட்டல், தேன் உருண்டை எல்லாவற்றுக்கும் முன்னால்.

"அன்னைக்கே கேட்டிருந்தா சொல்லிருப்பியளா?"

"சொல்லியிருப்பேன்."

"எங்கள எப்பவாச்சும் நெனைக்காவளா?"

"புயல் அடிக்கிற நாட்களில் தாயை நினைக்கிறார்" என்றார் வருஷம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி முடித்துவிட்டு, மறுகாலையும் எடுத்து வைத்தார். வரப்புக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

கொற்றி திரும்பி வந்தபோது எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். "கேட்டியா?" என்றார் பெருஞ்சாத்தன்.

"கேட்டேன். இருக்காவ."

அதற்கு மேல் அவளைப் பேச யாரும் விடவில்லை. பெண்கள் கல்லைத் தூக்கிக் கடலில் எறிந்தார்கள். கத்தி கொண்டுவந்தவன் அதை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் நின்றான். வருஷமே சொன்ன பிறகு அப்பீல் இல்லை, ஆள் உயிரோடிருக்கிறான், கொற்றி போட்ட சோறுதான் அவனைக் காப்பாற்றியது என்று பேசிக்கொண்டார்கள். நாகி தான் நிற்க வேண்டிய இடத்தை விட்டு ஓடிவந்து மருமகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கானா? சாப்பிடுதானா? மெலிஞ்சிருக்கானா?"

"நல்லா இருக்காவ அத்த. புயலடிக்கும்போது உங்களத்தான் நெனைக்காவளாம்."

நாகி சத்தம்போட்டு அழுதாள். ஏன் வரவில்லை என்று அவள் கேட்கவில்லை, சந்தோஷத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லக் கொற்றிக்கும் வாய் வரவில்லை.

மறுநாள் புது வருஷம் வழக்கம்போல ஓசைப்படாமல் வந்துவிட்டது, தச்சன் வீட்டாரும் மனம் மாறி வந்தார்கள். வெண்ணிக்குக் கல்யாணம். கணவன் உயிரோடிருக்கிற பெண்கள் நாலு பேர் நின்று, நெல்லும் பூவும் கலந்த தண்ணீரை மணப்பெண்ணின் கூந்தலில் சொரிந்து வாழ்த்த வேண்டும். முதலாவதாகக் கொற்றியை நிறுத்தினார்கள், கடலிடமிருந்து கணவனை மீட்டவள் என்று. கை நிறைய வளையலோடு, தலை நிறைய முடியோடு, ஊர் பார்த்துப் பொறாமைப்படுகிற மாதிரி அவள் நின்றாள். செத்திருந்தால் ஒரு கல்லாவது இருந்திருக்கும், அதன் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கலாம் என்று நினைத்தாள். உயிரோடிருக்கிறவனுக்காக எங்கே போய் அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் செத்திருக்கலாம் என்று, அவனை அத்தனை காலம் சாகவிடாமல் பிடித்து வைத்திருந்தவள், அந்தப் பந்தலில் நின்று மனதார நினைத்தாள்.

"அக்கா, உங்கள மாதிரி இருக்கணும்னு வாழ்த்துங்க" என்றாள் வெண்ணி, குனிந்த தலையோடு.

"என்ன மாதிரி வேண்டாம்ளா" என்றாள் கொற்றி. "மனசுல ஒண்ணு பட்டா அன்னைக்கே வாயத் தொறந்து கேட்டுரு. சோறு போட்டுப் போட்டு நாளத் தள்ளாத."

பெண்கள் சிரித்தார்கள். கொற்றிக்கு எப்போதும் சோற்று ஞாபகம்தான் என்றார்கள். மணப்பெண்ணும் சிரித்தாள். வேலியோரம், கைம்பெண் நிற்க வேண்டிய தூரத்தில் நின்ற நாகி மட்டும் சிரிக்கவில்லை. அவள் கொற்றியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வேலியை விட்டுப் பந்தலுக்குள் நடந்து வந்தாள். வரக் கூடாதென்று யாரோ கையை நீட்டினார்கள், அவள் அந்தக் கையை விலக்கிவிட்டு வந்து, மருமகளின் காதருகே நின்று, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அவன் ஏன் வரலயாம்?"

கொற்றி சொன்னாள். கூட்டாமல் குறைக்காமல், மூங்கில் கால் வீட்டையும், அங்கே இருக்கிறவளையும், அவளுடைய மாதத்தையும், எந்த மழையிலிருந்து என்பதையும் சொன்னாள்.

நாகி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, எந்தச் சடங்குப் பாத்திரத்தையும் தொடக் கூடாத அந்தக் கையை நெல்லும் பூவும் கிடந்த தண்ணீருக்குள் விட்டு, அள்ளி, மணப்பெண்ணின் தலையில் அல்ல, கொற்றியின் தலையில் சொரிந்தாள். பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நாகி மறுபடி அள்ளினாள்.

"வேற எவனாச்சும் உன்னப் பொண்ணு கேட்டா போ" என்றாள். "நான் இருக்கேன். நான் சொல்லிக்கிடுதேன் ஊருக்கு."